மெஜந்தாவை அடைத்தது மெக்கானிக் அல்ல

இதில் நான் எழுதப்போகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் வாயிலிருக்கும் பற்களின் மேல் சத்தியம். அவற்றில் சில கட்டிய பற்கள். அவற்றின் மேல் இரட்டைச் சத்தியம், ஏனென்றால் அவற்றைக் கண்ணாடி பார்த்து நானே எனக்குக் கட்டிக்கொண்டேன். கை நடுங்கவில்லை. ஊசியும் போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் ஒரு சாதாரண விஷயம். சர்க்கரை கலந்த மை, சாதா மையைவிடச் சீக்கிரம் காய்ந்துவிடும். இதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

என் மருமகள் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். கேக்கின் மேல் யார் படம் கேட்டாலும் அச்சடித்துத் தருவாள். அதற்கென்று பெரிய இயந்திரம் ஏதும் இல்லை. எல்லார் வீட்டு மேசையிலும் தூசி படிந்து கிடக்குமே, அந்த மாதிரி ஒரு சின்ன பிரிண்டர்தான். வாங்கின நாளிலிருந்து அதில் சாப்பிடுகிற மையை மட்டும் ஊற்றுவாள். காகிதத்துக்குப் பதிலாகச் சர்க்கரைத் தாளை நுழைத்து, வருகிற படத்தைக் கேக்கின் மேல் ஒட்டுவாள். கல்யாண ஜோடி, ஓய்வு பெறுகிற மேனேஜர், செத்துப்போன நாய் என்று யாரை யாரையோ மக்கள் ஆசை ஆசையாகப் படம் போடச் சொல்வார்கள். பிறகு அதே ஆசையோடு வெட்டித் தின்பார்கள். மனிதர்களைப் பற்றி எனக்கு எப்போதுமே பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை.

அந்த பிரிண்டரில் ஹெட் என்று ஒரு பாகம் உண்டு. மை வெளியே வருகிற வாய் அது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் வரிசை வரிசையாக இருக்கும். இரண்டு நாள் சும்மா விட்டால் போதும், அந்த ஓட்டைகளில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் அடைத்தால் படத்தில் கோடு விழும். நிறைய அடைத்தால் ஒரு நிறமே வராது. இன்று காலை அப்படித்தான் ஆயிற்று. மெஜந்தா என்கிற ரோஸ் நிறம் அடியோடு நின்றுபோயிருந்தது. மருமகள் மெக்கானிக்குக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டாள்.

"போன வாரம் வந்து ஹெட்டை என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல மேடம். துணியால துடைச்சேன், மூடினேன்."

"துடைச்சதுக்கா இப்படிக் கல்லு மாதிரி அடைச்சிருக்கு? இனிமே இந்தப் பக்கமே வராதீங்க."

அவன் "சரி மேடம்" என்று வைத்துவிட்டான். எதிர்த்துப் பேசத் தெரியாத ஆள்.

பக்கத்து அறையில் உட்கார்ந்து நான் எல்லாவற்றையும் கேட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். மெக்கானிக் மேல் இரக்கப்பட்டு அல்ல. நான் பார்த்த வேலையை இன்னொருத்தன் பார்த்ததாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. மெஜந்தாவை அடைத்தவன் நான். ஏன் என்பதைச் சொல்கிறேன். மன்னிப்பு என்று இதில் எங்கும் வராது. தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் பல் டாக்டர். இந்த வீட்டின் முன்னறைதான் என் கிளினிக்காக இருந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகும் நோயாளி நாற்காலியை யாராலும் அப்புறப்படுத்த முடியவில்லை; அது தரையோடு போல்ட் போட்டது. பக்கத்தில் கருவி வைக்கிற மேசை இருந்தது. அதில்தான் மருமகள் பிரிண்டரைக் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. இடம் அதே இடம், வாய் மட்டும் வேறு.

முதல் முறை ஹெட் அடைத்தபோது வீடே பதறிற்று. மகன் கம்ப்யூட்டரில் ஹெட்டைச் சுத்தம் செய்கிற பொத்தானை அழுத்தினான். கோடு போகவில்லை. மறுபடி அழுத்தினான். சொத்தைப் பல்லை வைத்துக்கொண்டு ஓயாமல் கொப்பளிக்கிறவன் மாதிரி, பிரிண்டர் தன் மையைத் தானே குடித்துத் தானே துப்பிக்கொண்டிருந்தது. பாதி மை காலி. அடைப்பு அப்படியே இருந்தது.

"விடுடா. வாயைத் திறக்காம எந்த வைத்தியமும் பாக்க முடியாது" என்றேன்.

ஹெட்டைக் கழற்றினேன். காய்ச்சி வடித்த தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, ஒரு தட்டையான கிண்ணத்தில் ஊற்றி, ஓட்டை இருக்கிற பக்கம் மட்டும் நனைகிற மாதிரி ஊறவைத்தேன். பின்பக்கம் செப்புப் பட்டைகள் இருக்கும். அது நரம்பு, அதில் தண்ணீர் படக் கூடாது. நன்றாக ஊறியதும், சிரிஞ்சின் முனையில் மெல்லிய ரப்பர் குழாயைச் செருகி, மை இறங்குகிற துவாரத்தில் பொருத்தி, மெதுவாக அழுத்தினேன். அந்த மெதுவில்தான் வித்தை முழுதும் இருக்கிறது. வேகமாக அழுத்தினால் உள்ளே கிழிந்துவிடும், பிறகு தூக்கிப் போட வேண்டியதுதான். முதலில் ஒரு சொட்டு வந்தது. பிறகு ஒரு சரம். பிறகு நாலு நிறமும் மூச்சு விட்டன.

அன்று நான் எவ்வளவு ஆழமாகச் சுத்தம் செய்தேன் என்றால், அதற்கப்புறம் மருமகள் அச்சடித்த ஒரு மாப்பிள்ளை படத்தில், அவர் சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்த கைக்குட்டையின் பூவேலைகூடத் தெரிந்தது. போட்டோவில் அது இல்லை. சத்தியம் செய்தாகிவிட்டது, நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அதிலிருந்து ஹெட் என் பொறுப்பு, மை நிரப்புவதும் என் பொறுப்பு. மெக்கானிக் எப்போதாவது வருவான். நோயாளி நாற்காலியில் சாய்ந்து டீ குடிப்பான். "டாக்டர் இருக்கும்போது நான் எதுக்கு?" என்பான். அவன் பேசுவதில் மிக நீளமான வாக்கியம் அதுதான்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு துணி எரிந்தது. ஹெட்டுக்கு வெந்நீர் வைக்கப் போன இடத்தில் எரிந்தது. ஒரே ஒரு துணிதான். அந்தத் துணியும், அதற்கு மேலே இருந்த அலமாரிக் கதவும், கதவுக்குப் பின்னால் இருந்த ஏதோ சில டப்பாக்களும். மருமகள் சரியான நேரத்துக்கு வந்து அணைத்தாள். அவள் வராவிட்டால் நான் அணைத்திருப்பேன், யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் ஒரு முறை காஸ் திறந்தே கிடந்தது என்றார்கள். திறந்தவன் மூடுவான் என்கிற நம்பிக்கை அவர்களுக்கு இல்லை. இன்னொரு நாள் குளியலறையில் நான் தரையில் உட்கார்ந்தேன். விழுந்துவிட்டார் என்று ஊரெல்லாம் போன் பறந்தது.

முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். நாற்காலியைப் பின்னால் சாய்த்தால் தலை அந்தச் சுவரில் படும். அப்படிச் சாய்ந்து ஹெட் ஊறுவதற்காகக் காத்திருந்தபோதுதான் அந்தப் பேச்சு காதில் விழுந்தது.

"அங்க டாக்டர், நர்ஸ் எல்லாம் எப்பவும் இருக்காங்களாம். பெரிய தோட்டம்கூட இருக்காம்" என்றான் மகன்.

"மாமாவுக்குத் தோட்டத்துல என்ன வேலை? செடிக்குப் பல்லா இருக்கு?"

"கிண்டல் பண்ணாத. நாம ரெண்டு பேரும் வெளிய போனா வீட்ல யாரு? அன்னிக்கு நீ கொஞ்சம் லேட்டா வந்திருந்தா?"

மருமகள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்டது.

"சரி, இதை அவர்கிட்ட யார் சொல்றது?"

"பிறந்தநாளுக்கு எல்லாரும் வராங்கல்ல. அப்ப சொல்லிடலாம்."

"அதான் யாருன்னு கேக்கறேன்."

"அக்கா சொல்லட்டும்."

"உங்க அக்கா 'அப்பா'ன்னு ஆரம்பிச்சாலே அழுதுடுவாங்க. நீங்க சொல்லுங்களேன்."

"நானா? மாமாவைச் சொல்லச் சொல்றேன். அவர் வாய்க்குத்தான் பூட்டே கிடையாது."

மாமா என்று அவன் சொன்னது என் மைத்துனரை, அதாவது என் மனைவியின் தம்பியை. குடும்பத்தில் அவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர். அவர் காதோடு ரகசியம் சொன்னால் மாடியில் காயப்போட்ட துணி ஆடும்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஒரு விஷயத்தை எல்லாரும் கூடியிருக்கும்போது வாய்விட்டுச் சொன்னால்தான் அது நடந்ததாக அர்த்தம். சொல்லாதது நடக்காது. கல்யாணத்துக்கு முன்னால் மகனும் மருமகளும் பழகியது தெருவில் இருக்கிற நாய்க்கும் தெரியும். ஆனாலும் ஒலிபெருக்கி ஒரு நாள் சாப்பாட்டு நடுவில் உரக்கச் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டோம். அடுத்த மாதமே கல்யாணம் நடந்தது. என் மனைவிக்கு வந்த வியாதியின் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. அதனால் அவள் கடைசிவரை நன்றாகவே இருந்தாள்.

ஆகவே என்னை முதியோர் இல்லத்துக்கு அனுப்புவது என்பது ஒரு வாக்கியம். பிறந்தநாளன்று எல்லார் முன்னாலும் அது வெளியே வந்துவிட்டால் நான் பெட்டியைக் கட்ட வேண்டும். வராவிட்டால் இங்கேயே இருக்கலாம். எனக்கு இங்கே இருக்கத்தான் விருப்பம். இதில் யாரிடமும் கேட்டுக்கொள்ள எனக்கு ஒன்றும் இல்லை. கெஞ்சுவது என் தொழிலில் நோயாளியின் வேலை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அதைச் சொன்னவருக்குப் பல் டாக்டர் யாரோடும் பழக்கமில்லை என்று நினைக்கிறேன்.

என் அலமாரியில் வாயை மரத்துப்போகச் செய்யும் மருந்து மிச்சம் இருந்தது. தேதி கொஞ்சம் தாண்டியிருந்தது, எனக்கும் அப்படித்தான். பிறந்தநாள் கேக்கில் என் முகத்தைத்தான் போடப்போவதாக மருமகள் முன்பே சொல்லியிருந்தாள். மையை நிரப்புகிறவன் நான். இதற்கு மேல் கடவுள் ஒரு மனிதனுக்கு எப்படி ஜாடை காட்டுவார்?

மருந்தை மெஜந்தாவில் கலந்தேன். யோசித்துத்தான் கலந்தேன். ஒரு முகத்தில் கறுப்பு என்பது முடிக்கும் புருவத்துக்கும் போய்விடும். நீலம் பின்னால் தெரிகிற வானத்துக்கு. மஞ்சள் எங்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், நம்ப முடியாது. மெஜந்தா இருக்கிற இடம் உதடும் ஈறும் கன்னமும். எந்த இடத்தால் மனிதன் பேசுகிறானோ அந்த இடமெல்லாம் மெஜந்தா.

ஆனால் தப்புக் காரியம் சுலபம் என்று நல்லவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் எதையும் செய்து பார்த்ததில்லை. மருந்து சேர்ந்ததும் மை திரிந்து, மணல் மணலாகி, ஹெட்டை அடைத்துக்கொண்டது. சோதனைக்காக என் முகத்தைக் காகிதத்தில் அடித்துப் பார்த்தேன். மெஜந்தா துளிகூட வரவில்லை. மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமா, பச்சையா இருக்கீங்க?"

"வயசானா வாடிப்போவாங்கன்னாங்க. நான் துளிர்த்துட்டேன்."

"இதைக் கேக்ல போட்டா, பாக்கறவங்க வாழ்த்தறதுக்குப் பதிலா டாக்டருக்குப் போன் பண்ணுவாங்க."

"டாக்டர் நான்தானே. எடுத்துப் பேசறேன்."

சிரித்துக்கொண்டே போனாள். நல்ல பெண். அவளுக்கு நெற்றித் துண்டு என்று அப்போதே மனதில் வைத்துக்கொண்டேன். நெற்றியில் மெஜந்தா குறைவு.

பிறகு வேலை ஆரம்பித்தது. மையை வெதுவெதுப்பாக்கினேன், பஞ்சில் வடிகட்டினேன், ஹெட்டை ஊறவைத்தேன், சிரிஞ்சால் தள்ளினேன், சோதனைத் தாள் அடித்தேன். ரோஸ் கோடுகள் உடைந்து உடைந்து வந்தன. ஒரு கோடு சேர்ந்தால் பக்கத்துக் கோடு உடையும். மறுபடி ஊறவைத்தேன். மருந்தைக் குறைத்தால் மை ஓடுகிறது, ஆனால் வாய் மரக்காது. கூட்டினால் வாய் மரக்கும், மை ஓடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. ஈறுக்கும் எலும்புக்கும் நடுவில் ஊசி நிற்கிற இடம் மாதிரி. அதைக் கை கண்டுபிடிக்கும், மூளை கண்டுபிடிக்காது. கடைசியில் ஒரு காலைப்பொழுதில் எல்லாக் கோடுகளும் முழுசாக வந்தன. என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த மிக நுணுக்கமான வேலை அது. பாராட்ட ஆளில்லாமல் போயிற்று.

சோதித்துப் பார்க்காத மருந்தைக் குடும்பத்துக்குக் கொடுக்கிற ஆள் நான் இல்லை. என் பச்சை முகத்தைப் பார்த்த கவலையில் மருமகள் மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தாள். அவன் வந்த அன்றுதான் கோடுகளும் சேர்ந்திருந்தன. அவனுக்கு வேலை இல்லை. துடைத்தான், மூடினான். டீயோடு ஒரு சர்க்கரைத் தாள் துண்டை நீட்டினேன். வெறும் உதடு மட்டும் அச்சடித்த துண்டு.

"இது என்னது டாக்டர்?"

"சும்மா சாப்பிடு. புது மை."

சாப்பிட்டான். நான் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். தலையை ஆட்டினான். அவ்வளவுதான். சாதாரணமாகவே குறைவாகப் பேசுகிறவன், அன்று அதற்கும் குறைவாகப் பேசினான். வீட்டுக்குப் போனதும் அவன் மனைவி, வாசல் மரத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறாள். இவனுக்கு நாக்கு எழவில்லை. மௌனம் சம்மதம் என்று அவள் ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். இப்போது அவர்கள் வீட்டு வாசலில் நல்ல வெளிச்சம் என்று கேள்வி. மருந்து வேலை செய்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அடுத்து, யாருக்கு எந்தத் துண்டு என்கிற கேள்வி. வாய் முழுதும் ஒலிபெருக்கிக்கு. அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு இந்த மருந்தை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். நான் யோசித்தேன். கொடுப்பது என்று முடிவு செய்தேன். இடது கன்னம் மகனுக்கு, வலது கன்னம் மகளுக்கு. பெற்றவனுக்கு எல்லாரும் சமம். மகளின் குழந்தை, என் பேத்தி, இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. அவளுக்கு முடிப் பகுதி. முடியில் கறுப்புதான், மருந்து கிடையாது. வெட்டும்போது கை தவறிக் கன்னமும் கொஞ்சம் சேர்ந்துவிட்டால் என்ன என்று யோசித்தேன். குழந்தை தூங்கிவிடும். தூங்குகிற குழந்தையால் யாருக்கும் தொந்தரவில்லை.

இந்தப் பங்கீட்டை மருமகளிடம் விளையாட்டாகச் சொல்வது போலச் சொல்லிவைத்தேன்.

"வாய் என் மைத்துனருக்கு. மறந்துடாத."

"உங்க முகத்தை இப்படிப் பாகம் பிரிக்கறீங்களே மாமா, சொத்தை எப்படிப் பிரிப்பீங்களோ" என்றாள்.

நேற்று பிறந்தநாள். எல்லாரும் வந்தார்கள். கேக்கைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். என்னைப் போலவே இருந்தது. என்னைவிட நல்ல நிறம். படம் எடுக்கவேண்டும் என்று மகள் என் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். "கண்ணாடி இல்லாம பாரு, அப்பாவுக்கு வயசே தெரியல." கண்ணாடி இல்லாமல் எனக்குத் தூரத்தில் இருப்பது தெரியும், கையில் இருப்பது தெரியாது. மெழுகுவர்த்தியை ஊதினேன். கத்தியை எடுக்கப் போனபோது, "நீங்க உக்காருங்க மாமா, நான் உள்ள போய் வெட்டிக் கொண்டு வரேன்" என்று மருமகள் கேக்கை எடுத்துக்கொண்டு போனாள். சமையலறை வாசலில் திரும்பி, "யாருக்கு எதுன்னு ஞாபகம் இருக்கு" என்றாள்.

தட்டுகள் வந்தன. எனக்கும் ஒன்று வந்தது. வெள்ளையாக ஏதோ மங்கலாகத் தெரிந்தது. மடியில் வைத்துக்கொண்டேன், தொடவில்லை. நான் தட்டுகளைப் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் வாய்களைப் பார்த்தேன். ஊசி போட்டுவிட்டுக் காத்திருக்கிற பழக்கம் எனக்கு ஆயுசு முழுக்க உண்டு.

எல்லாரும் சாப்பிட்டு முடித்தார்கள். மகன் ஒலிபெருக்கியைப் பார்த்தான். ஒலிபெருக்கி எழுந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"அத்தான்" என்றார்.

அத்தோடு நின்றது. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். கையால் வாயைத் துடைத்தார். உதட்டில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது மாதிரி மறுபடி துடைத்தார். மரத்துப்போனவர்கள் எல்லாரும் இதைத்தான் செய்வார்கள். தன் உதடு தன்னிடம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். "அத்தான், நீங்க நல்லா இருக்கணும்" என்றார். இவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. உட்கார்ந்துவிட்டார்.

மகளுக்குக் கீழுதடு நடுங்கிற்று. மருந்து பிடிக்க ஆரம்பிக்கும்போது அப்படித்தான் நடுங்கும். எச்சில் விழுங்கக் கஷ்டப்பட்டாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. மேல்தாடைப் பக்கம் மருந்து ஏறினால் கண்ணில் நீர் வருவது உண்டு, புத்தகத்திலேயே இருக்கிறது. மகன், "அப்பா, நாங்க எல்லாரும் சேர்ந்து..." என்று ஆரம்பித்தான். நாக்குக் குழறிற்று. மிச்சத்தை மென்று விழுங்கிவிட்டான். அளவு கச்சிதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பேத்திக்கு மட்டும் மருந்து போகவில்லை. அதனால் அவள் பேசினாள். ஓடிவந்து என் மடியில் ஏறினாள்.

"தாத்தா, நீ தோட்டம் இருக்கற வீட்டுக்குப் போகப் போறியா?"

நான் கலங்கவில்லை. குழந்தை சொல்வது எங்கள் வீட்டில் கணக்கில் சேராது. பெரியவர்கள் யாராவது ஆமாம் என்றால்தான் உண்டு. யாராலும் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. ஒலிபெருக்கி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் மகன் வாயைத் திறந்தான்.

"இல்லடா தங்கம். தாத்தா எங்கயும் போகல. இங்கதான் இருப்பாரு."

எல்லார் முன்னாலும், வாய்விட்டுச் சொன்னான். பிறகு மனைவியைப் பார்த்தான். சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த மருமகள் தலையை ஆட்டினாள்.

இது நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். வாயை மூடத்தான் மருந்து கொடுத்தேன். ஆனால் மருந்து கொஞ்சம் தலைக்கேறினால் ஆட்கள் நினைக்காததையெல்லாம் சொல்வார்கள். என் நாற்காலியில் உட்கார்ந்து, மயக்கத்தில், எனக்குத் தன் வீட்டையே எழுதிவைப்பதாகச் சொன்னவர்கள் உண்டு. மகன் சொன்னதும் அந்த வகைதான். மருந்து இறங்கிய பிறகு அவன் வருத்தப்பட்டிருக்கலாம். அது என் கவலை இல்லை. சொன்னது சொன்னதுதான், எங்கள் வீட்டுச் சட்டப்படி நடந்தது நடந்ததுதான்.

பேத்தி என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். முடித் துண்டுதான் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். எழுப்பிப் பார்க்கவில்லை.

ஆக, இதுதான் நடந்தது. கேக்குக்காக ஓடின மை ராத்திரியெல்லாம் ஹெட்டிலேயே நின்று, மருந்தோடு சேர்ந்து கல்லாகிவிட்டது. அதைத்தான் இன்று காலை மருமகள் மெக்கானிக் தலையில் போட்டாள். நான் சொந்த மகனுக்கும் மகளுக்கும், ஸ்டென்ட் வைத்த மைத்துனருக்கும், அவர்களுக்குத் தெரியாமல் மருந்து கொடுத்தேன். என் முகத்திலேயே வைத்துக் கொடுத்தேன். அவர்கள் நாக்கை எடுத்துக்கொண்டேன், என் வீட்டை வைத்துக்கொண்டேன். நானாக மருந்து கொடுக்காமல் இருந்திருந்தால், என்னை இங்கே இருக்கச் சொல்ல அந்தக் கூடத்தில் ஒரு வாயும் இருந்திருக்காது. அதை உறுதியாகச் சொல்வேன். மறுபடி அப்படி ஒரு வாக்கியம் கிளம்பினால், மறுபடி மெஜந்தாவைக் கலப்பேன். ஹெட்டை ஊறவைத்திருக்கிறேன், சாயங்காலத்துக்குள் திறந்துவிடும்.

இவ்வளவையும் எழுதிவிட்டுத் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். இந்த முறை கண்ணாடி போட்டிருந்தேன். கீழ்த்தட்டில் என் முகம் முழுசாக, ஓரம்கூட உடையாமல் இருந்தது. மருமகள் பின்னாலிருந்து, "அதை எடுத்துடாதீங்க மாமா. உங்க முகத்துல கத்தி வைக்க மனசு வரல, அப்படியே வெச்சுட்டேன்" என்றாள். நேற்று எல்லாரும் சாப்பிட்டது, வேறு யாரோ கேட்ட ஆர்டருக்கென்று அவள் செய்து வைத்திருந்த, படம் எதுவும் ஒட்டாத வேறொரு வெள்ளைக் கேக்.